அலுமாரியில் உறங்கும் அலங்காரம்

நோன்புப் பெருநாள் நெருங்கினால் கொழும்பிலுள்ள எங்கள் வீடுகளில் முதலில் கழற்றப்படுவது யன்னற் சீலைகள்தாம். புறக்கோட்டை கெய்சர் வீதியில் அந்த நாட்களில் கால் வைக்க இடமிருக்காது. யன்னலுக்கும் கதிரைக்கும் கட்டிலுக்கும் மேசைக்கும் ஒரே நிறத்தில், ஒரே டிசைனில் ‘செற்’ ஆக வாங்கி வருவார்கள். பெருநாள் முடிந்து இரண்டு மாதங்களில் அந்தச் ‘செற்’ பழகிப்போய்விடும். அடுத்த வருடம் வேறொன்று வாங்கப்படும்.

அதேவேளையில், அதே வீட்டின் அலுமாரியில் உம்மம்மாவின் சீத்தைத் துணியும், வாப்பாவின் பழைய சாரமும், உம்மாவின் கலியாணக் காலத்துக் கைத்தறிச் சேலையும், ரேந்தை பின்னிய தலையணை உறையும் மடித்தபடியே கிடக்கும். இவற்றை வெளியே எடுத்து, பல நிறங்களையும் பல கோலங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து வீட்டை அலங்கரிக்க முடியும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. அந்த முறையையும், அதைச் செய்யுமுன் நாம் அறிந்திருக்க வேண்டியவற்றையும் எனக்குத் தெரிந்தவரை இக்கட்டுரையில் விளக்குகிறேன்.

எங்கள் துணிகள் வந்த வழி

‘சீத்தை’ என்ற சொல்லை எங்கள் வீட்டு மூத்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். பூப்போட்ட பருத்தித் துணிக்கு அதுதான் பெயர். ஆங்கிலேயர் சின்ட்ஸ் என்றும் போர்த்துக்கேயர் சீட்டா என்றும் சொன்னதும் இதே வேரிலிருந்து பிறந்த சொற்கள்தாம். 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இந்தத் துணியைக் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றார்கள். அங்கே அது கட்டில் திரையாகவும் சுவர்த் துணியாகவும் போர்வையாகவும் தொங்கியது. துவைத்தாலும் போகாத அதன் நிறத்தைக் கண்டு அந்நாட்டு நெசவாளர்கள் அஞ்சினார்கள். 1686இல் பிரான்ஸ் அதைத் தடை செய்தது. 1721இல் இங்கிலாந்து ஒரு சட்டம் இயற்றி, அச்சிட்ட பருத்தித் துணியை உடுப்பதையும் வீட்டு அலங்காரத்துக்குப் பயன்படுத்துவதையும் தடுத்தது. ஒரு யன்னற் சீலைக்காகச் சட்டம் போட்ட காலமும் இருந்திருக்கிறது.

அந்தத் துணியின் சிவப்பு எதிலிருந்து வந்தது என்று அறிந்தால் இன்னும் வியப்பாக இருக்கும். இம்பூறல் என்ற சிறு செடியின் வேரைச் சாயவேர் என்பார்கள். பருத்தியில் மங்காத சிவப்பைத் தருவது அந்த வேர். எங்கள் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மணற்பாங்கான நிலங்களில் அது தோண்டி எடுக்கப்பட்டது. ஒல்லாந்தர் காலத்தில் அதன் வியாபாரம் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது.

கட்டங்கள் போட்ட பளையகாட் சாரத்துக்கும் ஒரு வழி உண்டு. சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காடு என்ற துறைமுகத்தின் பெயரே அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்திக் எனப்படும் மெழுகுச் சாயத் துணி ஜாவாவிலிருந்து வந்தது. மலாய் உம்மாமார் அதை உடுத்தினார்கள். கிழக்கில் மருதமுனை முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாகக் கைத்தறியில் சாரமும் சேலையும் நெய்கிறார்கள். 2004ஆம் ஆண்டின் சுனாமி தாக்கிய ஊர்களில் அதுவும் ஒன்று. ஆயினும் அங்கே தறிச் சத்தம் ஓயவில்லை.

வெள்ளவத்தைக்கும் இதில் பங்குண்டு. இன்று ஹவ்லொக் சிற்றி என்ற உயர்ந்த தொடர்மாடிகள் நிற்கும் நிலத்தில்தான் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கப்பட்ட வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்தது. 1933இல் அங்கு நடந்த வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிலாளர் வரலாற்றில் பேசப்படுகிறது. எங்கள் சுற்றுவட்டாரமே ஒரு காலத்தில் துணி நெய்த இடம் என்பதை அறிந்த பிறகு, பழைய துணியைப் பழசு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

கலந்தால் குழம்பாதா?

“பூவும் கோடும் கட்டமும் ஒரே அறையில் இருந்தால் துணிக்கடை போல ஆகிவிடாதா?” என்று என் ராத்தா கேட்டார். நியாயமான கேள்விதான். அள்ளிப் போட்டால் அப்படித்தான் ஆகும். குழப்பம் வராமலிருக்க நான்கு விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, பொதுவான ஒரு நிறம். அறையிலுள்ள எல்லாத் துணியிலும் ஏதாவது ஒரு நிறம் சிறிதளவாவது திரும்பத் திரும்ப வரவேண்டும். எங்கள் வீட்டில் அது கரும்சிவப்பு. சாரத்தின் கட்டத்தில் அது ஒரு மெல்லிய கோடாக வருகிறது. கட்டில் விரிப்பில் பூவாக வருகிறது. மேசை விரிப்பில் கரையாக வருகிறது. கண் அந்த நிறத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும்.

இரண்டாவது, கோலத்தின் அளவு. ஒரே அளவான பூக்கள் இரண்டு துணிகளில் இருந்தால் அவை ஒன்றோடொன்று போட்டி போடும். பெரிய பூ ஒன்று, நடுத்தரமான கட்டம் ஒன்று, பொடிப் புள்ளி ஒன்று என மூன்று அளவுகளாகத் தெரிவு செய்தால் ஒன்று முன்னே வந்து மற்றவை பின்னே நிற்கும்.

மூன்றாவது, கோடும் கட்டமும் சமாதானம் செய்து வைப்பவை. இரண்டு பூத்துணிகளுக்கு நடுவில் ஒரு கோட்டுத் துணியை வையுங்கள், சண்டை நின்றுவிடும். 1964இல் கொழும்பில் ‘பெயர்ஃபுட்’ நிறுவனத்தைத் தொடங்கிய பார்பரா சன்சோனி கைத்தறித் துணிகளில் நிறக்கோடுகளை அடுக்கியே பெயர் பெற்றவர். நாங்கள் பக்கத்தில் வைக்கத் துணியாத நிறங்களை அவர் கோடு கோடாகப் பக்கத்தில் வைத்தார். கோட்டின் ஒழுங்கு அவற்றைக் கட்டுப்படுத்தியது.

நான்காவது, கண்ணுக்கு ஓய்வு. அறையில் ஒரு சுவராவது வெறுமையாக இருக்கவேண்டும். தொழும்போது கண்ணுக்கெதிரே இருக்கும் சுவரை வெறுமையாக விடுவது எங்கள் பல வீடுகளின் வழக்கம். அந்த நல்ல வழக்கம் அலங்காரத்துக்கும் பொருந்துகிறது. கோலங்கள் மற்றப் பக்கங்களில் இருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். உயிருள்ளவற்றின் உருவங்களைச் சுவரில் மாட்டாத வீடுகளில், படங்கள் செய்யும் வேலையைக் கோலங்களே செய்யவேண்டியிருக்கிறது. கொடி, இலை, மாங்காய்ப் புள்ளி, நட்சத்திரக் கட்டம் என்று முஸ்லிம் நாடுகளின் துணிகளில் கோலங்கள் செழித்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆந்திராவின் கலம்காரித் துணிகளிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். ஸ்ரீகாளஹஸ்தியில் புராணக் கதைகளை எழுதுகோலால் வரைவார்கள். கோல்கொண்டா சுல்தான்களின் ஆதரவு பெற்ற மசூலிப்பட்டினத்தில் பாரசீகச் சாயலுள்ள பூங்கொடிகளை மர அச்சால் பதிப்பார்கள்.

பழைய துணிகளைக் கலப்பது புதிய துணிகளைக் கலப்பதைவிட இலேசானது. பலமுறை துவைத்து வெயிலில் காய்ந்து அவற்றின் நிறங்கள் கூர்மை குறைந்து, ஒன்றையொன்று நெருங்கி வந்திருக்கும். புதுப் பச்சையும் புதுச் சிவப்பும் முட்டிக்கொள்ளும். இருபது வருடப் பச்சையும் முப்பது வருடச் சிவப்பும் பேசிப் பழகியவை போல இருக்கும்.

வெள்ளவத்தைக்கு ஒன்று, கொட்டாஞ்சேனைக்கு ஒன்று

எல்லா வீட்டுக்கும் ஒரே அலங்காரம் பொருந்தாது. நாங்கள் வெள்ளவத்தையில் கடற்பக்க ஒழுங்கையொன்றில் தொடர்மாடியில் இருக்கிறோம். எங்கள் முன்யன்னல் மேற்கே பார்க்கிறது. பின்னேரம் மூன்று மணியிலிருந்து வெயில் நேரே உள்ளே வரும்; உப்புக் காற்றும் வரும். வெயில் பட்டு மங்கிய சாயம் திரும்ப வராது. ஆகவே மேற்கு யன்னலில் அருமையான பழைய துணியைத் தொங்கவிடக்கூடாது. அங்கே வெள்ளைப் பருத்தித் துணியொன்றை வெயிலுக்குக் காவலாகப் போட்டுவிட்டு, நிறத் துணிகளை வெயில் எட்டாத உட்சுவருக்குக் கொண்டுபோக வேண்டும். அப்படி வெளியே எடுத்தவற்றையும் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மாற்றி வைத்தால் எல்லாவற்றுக்கும் ஓய்வு கிடைக்கும். அறைக்கும் புதுமை கிடைக்கும்.

என் சாச்சி கொட்டாஞ்சேனையில் தொடர்வீடு ஒன்றில் இருக்கிறார். இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். வெளிச்சம் முன்வாசலாலும் பின்முற்றத்தாலும் மட்டுமே வரும். அங்கே மங்கிய நிறங்கள் இருளில் காணாமற்போகும். மஞ்சளும் செம்மஞ்சளும் வெள்ளை நிலத்தில் சிவப்புப் பூவும் அங்கே எடுபடும். அறைக்கும் அறைக்கும் இடையில் கதவுக்குப் பதிலாகச் சீலை தொங்கும் வீடு அது. அதற்குச் சாரத் துணியே மிகப் பொருத்தம். காரணம் இலேசானது: சாரத்தின் கட்டம் நூலிலேயே சாயமேற்றி நெய்யப்பட்டது. அதற்கு முன்பக்கம், பின்பக்கம் இல்லை. அச்சிட்ட துணியின் பின்பக்கம் மங்கலாக இருக்கும். இரு அறையிலிருந்தும் பார்க்கப்படும் சீலைக்கு நெய்த கோலம் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தெரியும் இடத்துக்கு அச்சுக் கோலம் போதும்.

உயரம் குறைந்த அறையென்றால் கூரையையும் மறக்கவேண்டாம். 1960களில் இலங்கையில் பத்திக் கலைக்குப் புத்துயிர் தந்த ஈனா டி சில்வா, கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த பெந்தோட்டை பீச் ஹோட்டலின் வரவேற்பு மண்டபக் கூரை முழுவதையும் பத்திக் துணிகளால் நிறைத்தார். எங்களுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. கட்டிலுக்கு மேலே ஒரு பழைய சேலையை நான்கு மூலையிலும் தளர்த்திக் கட்டினாலே அறை மாறிவிடும்.

கணக்கும் வெட்டும்

துணியை வெட்டுமுன் கணக்குப் பார்க்கவேண்டும். யன்னற் சீலை சுருக்கங்களோடு அழகாக விழ, யன்னலின் அகலத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு துணி வேண்டும். 6 யார் சேலை 216 அங்குல நீளமும் ஏறக்குறைய 45 அங்குல அகலமும் கொண்டது. அதை நடுவில் வெட்டினால் 108 அங்குலத்தில் இரண்டு துண்டுகள் கிடைக்கும். பக்கத்தில் பக்கமாகத் தொங்கவிட்டால் அகலம் 90 அங்குலம். 4 அடி, அதாவது 48 அங்குல யன்னலுக்கு அது தாராளம். மீதமாகும் நீளத்தை வெட்டாமல் கீழே அகலமாக மடித்துத் தைத்தால், பின்னொரு வீட்டின் உயரமான யன்னலுக்கும் உதவும்.

சாரமொன்றின் தையலைப் பிரித்தால் சுமார் 2 மீற்றர் நீளமும் 46 அங்குல அகலமும் வரும். 16 அங்குலக் குஷன் உறை ஒன்றுக்கு, பின்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி தைப்பதானால், 17 அங்குல அகலமும் 38 அங்குல நீளமும் போதும். ஆக ஒரு சாரத்தில் நான்கு உறைகள். உடுத்துத் தேய்ந்த சாரத்தில் அமரும் பகுதி மெலிந்திருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து மெலிந்த இடத்தை ஒதுக்கினால் இரண்டாவது நிச்சயம் தேறும்.

மிகவும் நைந்துபோன பருத்திச் சேலைகளை வங்காளத்துப் பெண்கள் எறிவதில்லை. மூன்று நான்கு சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓடுதையல் போட்டுப் போர்வையாக்குவார்கள். அதற்குக் காந்தா என்று பெயர். தையலுக்கான நிறநூலையும் பழைய சேலைக் கரையிலிருந்தே உருவி எடுத்த காலமுண்டு. வீண்விரயம் கூடாது என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது புதிய பாடமன்று. கையால் செய்து பார்க்கவேண்டிய பாடம்.

துணிக்குமேல் துணி போல, தரையில் பாயையும் சேர்க்கலாம். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் முஸ்லிம் பெண்கள் கோரைப்புல்லில் நெய்யும் மெல்லிய பாயைத் துணி போல மடிக்கலாம். எங்கள் ஊர்களிலும் நிறப் பன்பாய்கள் உண்டு. வெறும் தரையில் ஒரு பாய், அதன்மேல் ஒரு சிறு விரிப்பு என்று இரண்டு அடுக்கு போட்டால், விலையுயர்ந்த கம்பளம் தேவையில்லை.

வெட்டக்கூடாத துணி

இதுவரை சொன்னவை கையின் வேலை. இனிச் சொல்வது மனத்தின் வேலை.

என் உம்மம்மா யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்து வளர்ந்தவர். உம்மாவின் வாப்பா தையற்காரர். 1990ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. நகையும் வீட்டுப் பொருளும் தையல் மெசினும் அங்கேயே நின்றுவிட்டன. உம்மம்மா உடுத்த சேலையோடு புத்தளத்துக்கு வந்தார். அது ஒரு சாதாரணப் பருத்திச் சேலை. நாவல் நிறம், பச்சைக் கரை. அகதி முகாமில் அதை இரவில் துவைத்துக் காயவைத்துப் பகலில் உடுத்தார். பின்னர் கொழும்புக்கு வந்தபோது அதுவே என் நானாவுக்கு ஏணையாகவும் கட்டப்பட்டது.

சென்ற வருடம் பழைய துணிகளையெல்லாம் வெளியே எடுத்தபோது அந்தச் சேலையும் வந்தது. நிறம் எங்கள் அறைக்கு அப்படியே பொருந்தியது. குஷன் உறைக்கு அளவெடுக்கலாமா என்று உம்மாவும் நானும் பேசினோம். உம்மம்மா ஒன்றும் சொல்லவில்லை. சேலையை மடியில் வைத்துக் கரையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, “வெட்டாதீங்க மகள். இது முழுசாத்தான் வந்தது, முழுசாவே இருக்கட்டும்” என்றார்.

நாங்கள் அதை வெட்டவில்லை. பெட்டியில் பூட்டவுமில்லை. வெயில் படாத உட்சுவரில் மரத் தடியொன்றில் இரண்டாக மடித்துத் தொங்கவிட்டிருக்கிறோம். வீட்டுக்கு வருபவர்கள், “இது எந்த ஊர்ச் சேலை?” என்று கேட்பார்கள். உம்மம்மா சொல்வார். அதுவரை எங்களுக்கே சொல்லாத பல விடயங்களை, விருந்தினருக்குச் சொல்லும்போதுதான் நாங்கள் கேட்டோம். தெருவின் பெயர்கள், கடையின் வாசல், பக்கத்து வீட்டுத் தமிழ் அக்கா நோன்பு நாட்களில் பனங்கட்டி அனுப்பியது எல்லாம் அந்தச் சேலையோடு வந்தன.

இதிலிருந்து நான் ஒரு விதியை வைத்துக்கொண்டேன். எந்தத் துணியையும் வெட்டுமுன் அது யாருடையது, எங்கிருந்து வந்தது என்று கேட்கவேண்டும். கேட்டபின் வெட்டலாம் என்றால் தயங்காமல் வெட்டலாம். வெட்டவேண்டாம் என்றால் தொங்கவிடலாம், விரிக்கலாம், முழுதாகவே பயன்படுத்தலாம்.

பாதுகாக்கும் வழிகள்

பழைய துணியைத் துவைக்குமுன் மூலையொன்றை நனைத்து, வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஒட்டினால் வீட்டில் துவைக்கவேண்டாம். நிழலில் காற்றாட உதறிப் போட்டாலே போதும். ஒட்டாவிட்டால் மென்மையான சவர்க்காரத் தூள் கலந்த குளிர்ந்த தண்ணீரில், முறுக்கிப் பிழியாமல் அலசி நிழலில் காயவைக்கலாம்.

துணி பருத்தியா, பட்டா, பொலியெஸ்டரா என்று தெரியாவிட்டால் ஓரத்து நூல் ஒன்றை உருவி, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி எரிவது போல மணக்கும். பட்டு முடி பொசுங்குவது போல மணக்கும். பொலியெஸ்டர் உருகி உருண்டையாகும்.

சரிகையுள்ள சேலைகளை பிளாஸ்டிக் பையில் கட்டிவைக்கக் கூடாது. கொழும்பின் ஈரப்பதன் உள்ளே அடைபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே நூல் அறுந்துவிடும். பூச்சி உருண்டை சரிகையில் நேரே படவேண்டாம். சுவரில் தொங்கவிடும்போது ஆணி அடிக்காமல், பின்பக்கத்தில் நாடாப் பட்டி தைத்துத் தடியில் கோர்த்தால் பாரம் எல்லா இடத்திலும் சமமாக விழும்.

கடைசியாக, செலவில்லாத ஒரு வேலை. ஒரு வெள்ளை நாடாத் துண்டில் மங்காத மையால் மூன்று விடயங்களை எழுதுங்கள்: யாருடைய துணி, எந்த ஊர், எந்த வருடம். அதைத் துணியின் உள்மூலையில் நான்கு தையலில் பிடித்துவிடுங்கள். இந்தப் பெருநாள் விடுமுறையில் உம்மாவையோ வாப்பும்மாவையோ பக்கத்தில் இருத்தி அலுமாரியைத் திறந்தால், ஒரு பின்னேரத்தில் பத்துத் துணிகளுக்காவது எழுதிவிடலாம். துணியைப் பிறகும் தொங்கவிடலாம். சொல்லக்கூடியவர் இருக்கும்போதே கேட்டு எழுதுவதைத்தான் பிற்போடக்கூடாது.